சாணத்துக்கு வந்த மரியாதை

2021 ஒக்டோபர் தொடக்கம் வரை 1,493 ரூபாய்க்கு விற்ற 12.5 கிலோ கேஸ் சிலிண்டர், 2022 ஏப்பிரலில் 4,860 ரூபாய் ஆனது. அந்த விலையைக் கொடுக்க ஆயத்தமாக இருந்தவனுக்கும் சாமான் இல்லை. மட்டக்களப்பு நகரத்தில் மனிதர்களுக்குப் பதிலாகச் சிலிண்டர்கள் வரிசையில் நின்றன; கழுத்தில் சங்கிலி, வயிற்றில் பெயின்றால் எழுதிய பெயர். அந்தக் கிழமைகளில்தான் வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் எங்கள் பெரியம்மா வீட்டு வளவின் பின்மூலையில், பூவரச மரத்தடியில் பாதி புதைந்து கிடக்கும் சீமெந்துக் குவிமாடம் ஒன்றைப் பார்க்க ஆட்கள் வரத் தொடங்கினார்கள். வந்தவர்களில் பாதிப்பேர் நாற்பது வருசத்துக்கு முந்தி அதே மூலையைக் கடக்கும்போது மூக்கைப் பொத்திக்கொண்டு போனவர்கள். மற்றப் பாதி அவர்களுடைய பிள்ளைகள்.

எங்கள் வாவிக்கு மீன் பாடுவதால் புகழ். நிலவு காலத்தில் கல்லடிப் பாலத்தடியில் தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு நுனியைத் தண்ணீரில் விட்டு மறுநுனியில் காதை வைத்துக் கேட்ட துரைமார் அதைப்பற்றி எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். வாவியின் சேறு செய்கிற காரியத்தைப் பற்றி அவர்களில் யாரும் எழுதியதாகத் தெரியவில்லை. கோடையில் தண்ணீர் உள்வாங்கி ஓரம் தெரியும்போது கம்பால் குத்தினால் பொளுக் பொளுக்கென்று குமிழி வரும். வாவி குசு விடுகிறது என்று நாங்கள் சிரிப்போம். 1776ஆம் ஆண்டு இத்தாலியில் மஜ்ஜோரே ஏரிக்கரையில் அலெசாண்ட்ரோ வோல்ட்டா செய்ததும் இதையேதான். சேற்றைக் கிண்டி, வந்த குமிழியைப் போத்தலில் பிடித்து நெருப்பு வைத்துப் பார்த்தார். மெதேன் வாயுவின் கதை அங்கே தொடங்குகிறது. எங்களிடம் சேறும் இருந்தது, கம்பும் இருந்தது, போத்தலும் இருந்தது. சதுப்பில் இரவில் வெளிச்சம் தெரிந்தால் அதற்குக் கொள்ளிவாய்ப் பிசாசு என்று பெயர் வைத்து, அந்தப் பக்கம் வெளிக்குப் போகாமல் விட்டதோடு எங்கள் ஆராய்ச்சி முடிந்தது.

பெரியப்பா விஞ்ஞான வாத்தியார். எண்பதுகளின் தொடக்கத்தில் ஏதோ பயிற்சிக்குப் போய் வந்தவர், சாண எரிவாயுத் தொட்டி ஒன்றின் வரைபடத்தோடு வந்தார். இந்தியாவில் 1950களில் ஜஷ்பாய் படேல் உருவாக்கி, 1960களில் கதர் கிராமத் தொழில் ஆணையம் ஊரூராகக் கொண்டுபோன மிதக்கும் டிரம் வகை அது. கிணறு மாதிரி ஒரு குழி, அதற்குள் கவிழ்த்த இரும்பு டிரம். கரைத்த சாணம் குழிக்குள் கிடந்து வாயு விடும். டிரம் மெல்ல மேலே எழும்பும். அடுப்பைத் திறந்தால் இறங்கும். டிரம்மின் உயரத்தைப் பார்த்தே இன்றைக்குக் குழம்பு வைக்கலாமா, தேத்தண்ணியோடு நிறுத்த வேண்டுமா என்று சொல்லிவிடலாம்.

வீடு பெரியப்பாவினுடையது அல்ல. மட்டக்களப்பில் வீடும் வளவும் பெண்பிள்ளைக்குப் போகும். மாப்பிள்ளை பெட்டியோடு வந்து சேருவார். அதனால் மாமியாரின் வளவில் குழி தோண்டுவதற்கு மாமியாரின் உத்தரவு வேண்டியிருந்தது. அம்மம்மா கேட்டது ஒரு கேள்விதான்.

"இதுக்கு ஆரு சாணி கரைக்கிற?"

"அது பெரிய வேலையில்ல மாமி. விடியத்தால ஒரு கொஞ்ச நேரம்."

கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை என்று அம்மம்மாவுக்குத் தெரியும். மருமகனை எதிர்த்துப் பேசும் வழக்கம் இல்லாததால் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

டிரம் நகரத்து இரும்புப் பட்டறையில் ஒட்டுப்போட்டு வந்தது. அப்போது மண்முனையில் பாலம் கிடையாது. ஜப்பான்காரர் உதவியில் அது வந்தது 2014இல். எங்களுக்கு இருந்தது பாதை. தோணிகளைப் பிணைத்து மேலே பலகை அடித்து, ஆளும் மாடும் சைக்கிளும் ஏறுகிற பாதை. அதில் அந்த டிரம் ஏறியபோது, கொக்கட்டிச்சோலைத் தேருக்குச் சாமான் போகிறது என்று ஒருவர் கும்பிட்டதாகப் பெரியப்பா கடைசிவரை சொல்லிச் சிரிப்பார்.

முதல் நெருப்பு வைக்கும் விழாவுக்கு உத்தியோகத்தர் ஒருவரும் வந்தார். டிரம் நன்றாக எழும்பி நின்றது. குசினியில் புது அடுப்பு, குங்குமப் பொட்டோடு. உத்தியோகத்தர் தீக்குச்சியை உரசி நீட்டினார், அணைந்தது. இன்னொன்று, அணைந்தது. நெருப்புப்பெட்டியில் பாதி தீர்ந்தது. முதல் முதல் சேரும் வாயுவில் காபனீரொட்சைட்டுத்தான் அதிகம், அதைத் திறந்து வெளியே விட்டுவிட்டு அடுத்த எழுச்சிக்குக் காத்திருக்க வேண்டும் என்பது வரைபடத்தில் இருந்திருக்கலாம். விழா நிகழ்ச்சிநிரலில் இல்லை.

"ஊதாங்குழல் தேவையில்ல எண்டாங்க," என்றார் அம்மம்மா. "நெருப்பே தேவையில்லப் போல கிடக்கு."

பத்துப் பதினைந்து நாள் கழித்து, உத்தியோகத்தரும் விருந்தாளிகளும் இல்லாத ஒரு பின்னேரம், பெரியம்மா சும்மா குச்சியைக் காட்ட, அடுப்பு நீலமாகப் பற்றியது. அந்த நீலத்தை நான் இன்றும் மறக்கவில்லை. குசினிச் சுவர் முழுக்கப் புகைக்கரி. கூரைக் கிடுகு கறுப்பு. விறகு ஈரமானால் அம்மம்மாவின் கண்ணும் பெரியம்மாவின் நெஞ்சும் படும் பாடு ஊருக்கே கேட்கும். பழைய காலம் என்றால் மண்சட்டியும் விறகடுப்பும் என்று உருகுகிறவர்கள் ஒரு மாரிகாலம் முழுக்க அந்தக் குசினியில் இருந்து பார்த்திருக்க வேண்டும். அந்த இடத்தில் சத்தமில்லாமல், புகையில்லாமல் ஒரு நெருப்பு.

அக்கம்பக்கத்துக்கு வேறு கவலை. பக்கத்து வளவு மாமி வேலியால் எட்டிக் கேட்டார்: "சாணியில வந்த நெருப்பில பொங்கினா சாமிக்குப் படைக்கேலுமாகா?"

"நெத்தியில பூசியிருக்கிறாயே, அது எதைச் சுட்டதுகா?" என்றார் அம்மம்மா.

வேலி அதற்குப் பிறகு கேள்வி கேட்கவில்லை. ஆனால் பெயர் நின்றுவிட்டது. எங்கள் வீடு "சாணிக்கேஸ் வீடு". பள்ளிக்கூடம் போக முன்பு வாளி தூக்கவேண்டியிருந்த பெரியம்மாவின் மகன், எனக்கு அண்ணன் முறை, வகுப்பில் "கேஸ்காரன்" ஆனான். அவன் அதை மன்னிக்கவில்லை.

இனிக் கணக்கைச் சொல்லவேண்டும்; யாரும் சொல்லாமல் விட்டது அதைத்தான். ஐந்தாறு பேர் உள்ள வீட்டுச் சமையலுக்கு நாளுக்குச் சுமார் 2 கன மீற்றர் வாயு வேண்டும். அவ்வளவு வாயுவுக்கு நாளுக்கு 50 கிலோ பச்சைச் சாணம். அதே அளவு தண்ணீர். கூட்டினால் 100 கிலோ சரக்கை ஒருவர் தினமும் கையால் பிசைந்து, கல்லும் வைக்கோலும் பொறுக்கி எறிந்து, வாயிலில் ஊற்றவேண்டும். அடைத்துக் கட்டி வளர்க்கும் பெரிய மாடு நாளுக்குப் பத்துக் கிலோ போடும், ஐந்து போதும். எங்கள் நாட்டு மாடோ பகலெல்லாம் வயல்வட்டையில் மேய்ந்து அங்கேயே போட்டுவிட்டு, இரவில் பட்டிக்கு வந்து மிச்சத்தைத்தான் தரும். ஐந்து பத்தாகும்.

அதைவிடப் பெரிய சங்கடம் மாரி. பெரும்போகம் விதைத்ததும் வயலுக்குள் மாடு நிற்க முடியாது. பட்டிக்காரர்கள் மாடுகளைச் சாய்த்துக்கொண்டு மயிலத்தமடு, மாதவணைப் பக்கம் மேய்ச்சல் தரைக்குப் போய்விடுவார்கள். வெட்டு முடிந்த பிறகுதான் திரும்பி வருவார்கள். மாவட்டத்தில் மாட்டுக்குக் குறைவே இல்லை. சட்டிச் சட்டியாகத் தயிர் கொழும்புக்குப் போகிறது. ஆனால் மாடு நிற்கும் இடத்தில் குசினி இல்லை. குசினி இருக்கும் இடத்தில் மாடு இல்லை. கோடையில் மாடு திரும்பும்போது கிணறு வற்றிக் கிடக்கும். ஆக, மாரியில் தண்ணீர் இருக்கும், சாணம் இருக்காது. கோடையில் சாணம் இருக்கும், தண்ணீர் இருக்காது. விறகு நனைந்து கேஸ் மிகவும் தேவைப்படுகிற கார்த்திகை மார்கழியில்தான் டிரம் தரை தட்டிக் கிடக்கும். பெரியப்பாவின் வரைபடம் குஜராத்திலிருந்து வந்தது; அதில் மயிலத்தமடு இல்லை.

இந்த ஊருக்குப் பொருத்தமான வேறொரு முறை அப்போதே இலங்கையில் இருந்தது என்பது பிறகு தெரிந்தது. ஜா-எல, ஏக்கலையில் இருக்கும் தேசிய பொறியியல் ஆராய்ச்சி அபிவிருத்தி நிலையம் வைக்கோலை வைத்து ஒரு உலர்முறையை உருவாக்கியது. தொட்டியில் வைக்கோலை ஒருதரம் அடைத்து, சாணத்தைப் பிரைமோராகத் தெளித்து மூடிவிட்டால் மாதக்கணக்கில் வாயு வரும். முடிந்ததும் அள்ளினால் வயலுக்குப் பசளை. தினமும் கரைக்கிற வேலை இல்லை. சூடடித்த பிறகு வைக்கோலை வட்டையில் குவித்துக் கொளுத்துகிற படுவான்கரைக்கு இதைவிட என்ன வேண்டும்? எங்கள் பக்கம் அதைக் கட்டிய ஒருவரையும் நான் காணவில்லை. நாங்கள் இன்றும் வைக்கோலைக் கொளுத்துகிறோம்.

வாவிக்காற்றில் உப்பு. டிரம்முக்கு வருசாவருசம் பெயின்ற் பூசாவிட்டால் அரித்துவிடும். முதலில் ஊசித்துளை, சவர்க்காரத்தை அப்பி அடைத்தோம். பிறகு துளைகள் பெருகின, சவர்க்காரம் போதவில்லை. அதற்குள் நாடு வேறு நெருப்புக்குள் போய்விட்டது. படுவான்கரையில் அந்த ஆண்டுகளில் நடந்தவற்றை மகிழடித்தீவு நினைவுத்தூணில் இருக்கும் பெயர்கள் சொல்லும். அதைச் சாணக் கதைக்குள் கொண்டுவர எனக்கு மனமில்லை. குழியின் கதையை மட்டும் சொல்கிறேன். காய்ந்து போன அந்தக் குழி, ஷெல் விழுந்த இரவுகளில் எங்களுக்குப் பங்கர் ஆனது. அரித்த டிரம்மை வெட்டி நிமிர்த்தி, மேலே போட்டு மண்மூடை அடுக்கினோம். கட்டியதற்கு அது ஒழுங்காக வேலை செய்தது அந்தக் காலத்தில்தான் என்று பெரியப்பா சொல்வார். அம்மம்மா அதற்குள் இறங்க மறுத்துவிட்டார். "செத்தா வீட்டுக்குள்ள சாகிறன். சாணிக் கிடங்குக்குள்ள ஏலாது."

மண்ணெண்ணெய், பற்றரி, யூரியா எல்லாம் சோதனைச் சாவடி தாண்டாத காலம் அது. யூரியா குண்டாகும் என்பதால் எங்களுக்குத் தடை. பிறகு 2021 மே 6ஆம் திகதி வர்த்தமானி வந்து நாடு முழுவதற்கும் யூரியா இறக்குமதியைத் தடை செய்தது. இம்முறை அது நஞ்சு என்பதால். யூரியா இல்லாமல் பயிர் செய்து பழகியவர்கள் என்று எங்களுக்கு ஒரு சான்றிதழ் தந்திருக்கலாம்.

அதற்கு முந்தி தொண்டு நிறுவனக்காரர்களின் காலம் ஒன்று இருந்தது. சுனாமிக்குப் பிறகு எழுவான்கரைக்கு வந்தவர்கள், 2007க்குப் பிறகு வாவியைத் தாண்டி இந்தப் பக்கமும் வந்தார்கள். டபிள் கெப், தொப்பி, செயலமர்வு, பொலித்தீன் பையில் சோற்றுப் பார்சல். (உக்கும் கழிவு, உக்காத கழிவு என்று பிரித்துப் போடும்படி சொல்லித்தந்த செயலமர்வு முடிந்ததும், அந்தப் பார்சல் பைகளைக் கூட்டி அள்ளிக் கொளுத்தியது நாங்கள்.) பெரியம்மா வீடு மகள் பேருக்கு, அதாவது என் அக்கா பேருக்கு மாறியிருந்தது. பழைய பங்கர் குழி இருக்கிறது என்று கேள்விப்பட்டதும் நிறுவனக்காரருக்குச் சந்தோசம். தோண்டுகிற செலவு மிச்சம். அக்கா பயனாளி ஆனாள்.

இம்முறை டிரம் இல்லை. செங்கல்லும் சீமெந்தும் சேர்த்துக் கட்டிய குவிமாடம், சீனத்து முறை. அசைகிற பாகம் கிடையாது. துருப்பிடிக்க ஒன்றும் இல்லை. உள்ளே வாயு சேரச் சேர, கரைசலை வெளித்தொட்டிக்குத் தள்ளும்; அந்தக் கரைசலின் பாரமே வாயுவை அடுப்புக்கு அனுப்பும். நல்ல யோசனைதான். ஒரேயொரு நிபந்தனை, உள்பூச்சில் மயிரிழை வெடிப்பும் இருக்கக்கூடாது. கட்டியவர் வீடு கட்டிப் பழகிய மேசன். வீட்டுச் சுவரில் மயிரிழை வெடிப்பு விழுந்தால் யாரும் சாவதில்லை. இரண்டுதரம் உடைத்துப் பூசவேண்டி வந்தது. பெயர்ப்பலகை மட்டும் முதல்தரமே வெடிப்பில்லாமல் வந்தது: நிதி தந்தவர், நிறைவேற்றியவர், பங்காளர், இலச்சினை நான்கு. குவிமாடத்தைவிட அது உயரம்.

மலசலகூடக் குழாயையும் தொட்டிக்குள் விட்டால் வாயு கூடும் என்று ஒரு இளம் பொறியியலாளர் சொன்னார். சீனாவில் அப்படித்தான் செய்கிறார்கள் என்று படமும் காட்டினார். உண்மைதான், அங்கே பன்றிக்கொட்டிலும் மலசலகூடமும் ஒரே தொட்டிக்குப் போகும். பெரியம்மா அவருக்குத் தேத்தண்ணி கொடுத்து, மரியாதையாக வாசல்வரை கூட்டிக்கொண்டுபோய் அனுப்பி வைத்தார். திருநீற்று நியாயம் அந்தக் குழாய்வரை போகாது.

தொட்டி எரிந்தது. நல்லாகவே எரிந்தது. பெரியம்மா இருக்கும் வரை. காலையில் அவர்தான் குந்தியிருந்து கரைப்பார், முழங்கைவரை பச்சையாக. எத்தனை சோதனைக்கூடம் வைத்தாலும் சொல்லமுடியாததை அவர் வாசத்தை வைத்தே சொல்லுவார்: இன்றைக்குப் புளிச்ச மணம், நேற்று ஆரோ சோத்துக்கஞ்சியைக் கூட ஊற்றிப்போட்டீங்க. சரியாகத்தான் சொன்னார். தொட்டிக்குள் வேலை செய்வது ஒரே நுண்ணுயிர்க் கூட்டமல்ல. ஒரு கூட்டம் நாரையும் மாவையும் உடைத்துப் புளிக்க வைக்கும். கடைசிக் கூட்டம் அந்தப் புளிப்பைத் தின்று மெதேன் விடும். மாவை ஒரேயடியாக ஊற்றினால் முன்னது துள்ளி வேலை செய்யும், பின்னது திணறும். தொட்டி புளித்து நெருப்பு அணையும். சவர்க்காரத் தண்ணீரும் டெற்றோலும் போனால் இரண்டுமே செத்துவிடும். வாயில்லாத இன்னொரு மாட்டைப் பெரியம்மா வளர்த்துக்கொண்டிருந்தார் என்பது அவர் போன பிறகுதான் வீட்டுக்கு விளங்கியது. அக்கா ஒரு வருசம் பார்த்தாள். பிறகு மாடுகளை விற்றாள். பெயர்ப்பலகை நின்றது.

2021 நவம்பரில், யூரியாத் தடை வந்து ஏழு மாதத்துக்குள், அரசாங்கமே அதை விலக்கிக்கொண்டது. இடையில் நடந்ததுதான் வேடிக்கை. மாட்டுச் சாணம் வட்டையெல்லாம் காய்ந்து கிடக்கிற நாட்டுக்குச் சேதனப் பசளை சீனாவிலிருந்து கப்பலில் வந்தது. ஹிப்போ ஸ்பிரிட் என்று அதற்குப் பெயர். மாதிரியில் தீங்கான பற்றீரியா இருக்கிறது என்று சொல்லி இறக்க விடவில்லை. கப்பல் இலங்கைக் கடலைச் சுற்றிக்கொண்டு நின்றது. கடைசியில் இறக்காத எருவுக்கு 60 இலட்சம் டொலருக்கு மேல் கொடுத்து வழக்கைத் தீர்த்தார்கள். தொட்டியிலிருந்து வழிகிற கழிவுக்கரைசல் வயலுக்கு நல்ல பசளை. சாணத்தில் இருக்கும் நைதரசன் வாயுவாகிப் போவதில்லை, கரைசலிலேயே நிற்கும். அதை நாங்கள் வருசக்கணக்காக வேலியோரம் ஊற்றிப் பூசணி காய்க்க வைத்தோம். ஒரு டொலரும் கேட்கவில்லை.

அதே நவம்பரிலும் டிசம்பரிலும் நாடெங்கும் கேஸ் அடுப்புகள் வெடிக்கத் தொடங்கின. சிலிண்டரை வீட்டுக்கு வெளியே வைத்துவிட்டுக் குழாயை யன்னலால் இழுத்தவர்கள் உண்டு. பிறகு, வெடிப்பதற்கும் சிலிண்டர் இல்லாமல் போனது. அப்போதுதான் எங்கள் குவிமாடத்துக்கு யாத்திரை தொடங்கியது.

"இதை இப்ப எரிய வைக்கேலுமா?"

"ஏலும். வண்டில் கணக்கில சாணம் வேணும். அதுக்குப் பிறகு ரெண்டு மூண்டு கிழமை பொறுக்கவேணும்."

பசியோடு வந்தவர்களிடம் மூன்று கிழமை என்று சொல்வது எவ்வளவு கொடுமை என்று அன்று கண்டேன். எங்கள் வெயில் தயவில் மூன்று கிழமை. ஐரோப்பாவில் தொட்டியைச் சூடாக்கியே வைத்திருக்க வேண்டும். ஆனாலும் செய்தோம். அக்காவின் மகள், என் மருமகள், வங்கியில் வேலை செய்கிறவள், பெற்றோல் இல்லாமல் வேலைக்குப் போகமுடியாத அந்த நாட்களில் முழங்கைவரை சாணத்தோடு நின்றாள். அதைப் படமெடுத்துப் போட்டதும் பார்த்தவர்கள் தொகை எங்கள் ஊர்ச் சனத்தொகையைத் தாண்டியது. நீலச்சுடர் வந்த அன்று வேலிப்பக்கத்து மாமியின் பேத்தி பால் காய்ச்சிக்கொண்டு போனாள். சாமிக்குத்தான்.

சூரிச்சில் இருந்து அண்ணன் வீடியோவில் வந்தான். வாளி தூக்கிய அதே கேஸ்காரன். அங்கே 1993 முதல் குப்பைப் பைக்குக் காசு; நகரசபை முத்திரை உள்ள பை வாங்கித்தான் குப்பை போடவேண்டும். சமையல் கழிவுக்குப் பச்சைத் தொட்டி வேறு. அது வெர்ட்ஹோல்ஸ்லி என்ற இடத்துக்குப் போய் வாயுவாகிறது. வாழைப்பழத் தோலையும் கறிவேப்பிலை ஈர்க்கையும் தான் எப்படிப் பிரித்துப் போடுகிறான் என்று தொட்டியைத் திறந்தே காட்டினான். முகத்தில் அவ்வளவு பெருமை. மருமகள் கரைப்பதைப் பார்த்து, கட்டி விழாமல் கரைக்கச் சொல்லி ஆலோசனையும் தந்தான். அவள் தொலைபேசியைச் சாணக்கையால் அணைத்தாள்.

ஓகஸ்டில் சிலிண்டர் கிடைக்கத் தொடங்கியது. விலையும் கொஞ்சம் இறங்கியது. பெற்றோல் வந்தது, வங்கி கூப்பிட்டது. மாரியும் வந்தது. மாடு மேய்ச்சல் தரைக்குப் போனது. தொட்டி அடங்கியது. அடுத்த ஆண்டு செப்டெம்பரில் பண்ணையாளர்கள் அந்த மேய்ச்சல் தரையையே காப்பாற்றித் தரும்படி சித்தாண்டியில் வீதியோரம் உட்கார்ந்தார்கள். அவர்களிடம் போய் சாண எரிவாயு பற்றிப் பேச யாருக்கும் துணிவு வரவில்லை, வராதது நல்லது.

இப்போது பேச்செல்லாம் நகரத்துக் குப்பையைப் பற்றி. நியாயம் உண்டு. சாணம் என்பது மாடு சத்தை எடுத்துக்கொண்டு விட்ட மிச்சம். கிலோவுக்குக் கிலோ பார்த்தால் பழுதான சோறும் மரக்கறியும் பலமடங்கு வாயு தரும். கன்னியாகுமரி விவேகானந்த கேந்திரம் வீட்டுச் சமையல் கழிவுக்கென்றே ‘சக்தி சுரபி’ என்ற தொட்டியைச் செய்து பரப்பியது. சென்னைக் கோயம்பேட்டுச் சந்தையில் நாளுக்கு 30 தொன் காய்கறிக் கழிவைக் கணக்கிட்டு ஒரு ஆலையே கட்டினார்கள். எங்களுக்குத் திருப்பெருந்துறைக் குப்பைமேடு இருந்தது. அது பற்றியெரிந்து ஊரைப் புகையால் மூடியதையும், சனம் வீதிக்கு இறங்கியதையும் மட்டக்களப்பார் மறக்கமாட்டார்கள். தெற்கே அம்பாறைப் பள்ளக்காட்டில் குப்பைமேட்டுக்கு யானைகள் வருகின்றன. பிளாஸ்டிக் தின்று எட்டு ஆண்டில் 20 யானைகள் வரை செத்ததாக 2022இல் செய்தி வந்தது. யானையின் குடலானாலும் சீமெந்துத் தொட்டியானாலும் பொலித்தீனோடு வந்த சோற்றை ஏற்காது. ஆகவே இங்கேயும் அம்மம்மாவின் கேள்விதான் முன்னுக்கு நிற்கிறது. பிரிப்பது ஆர்? நகரத்தில் அதற்கு விடை, கையுறை இல்லாத ஒரு சுகாதாரத் தொழிலாளி. வாவியை மூடுகிற ஆற்றுவாழையையும் தொட்டியில் போட்டு வாயு எடுக்கலாம் என்கிறார்கள், எடுக்கலாம். 1909இல் வெள்ளைக்காரன் அதை அழிக்கச் சட்டம் போட்டான். சட்டம் போன பிறகும் செடி இருக்கிறது. அள்ளுவதற்குத்தான் ஆள் வேண்டும்.

மெதேன், நூறு ஆண்டுக் கணக்கில் பார்த்தால், காபனீரொட்சைட்டைப் போலச் சுமார் 28 மடங்கு பூமியைச் சூடாக்குகிறதாம். எங்கள் வயலும் மாடும் சேறும் இப்போது உலகப் பிரச்சினை. சின்ன வயதில் வாவிச் சேற்றைக் கம்பால் குத்தியதற்கு இன்று யாராவது காபன் கணக்குக் கேட்டாலும் கேட்பார்கள்.

போன வருசம் மருமகள் வீட்டுக்கு ஒரு கணக்கெடுப்பு வந்தது. புதிய திட்டம், பிளாஸ்டிக் தொட்டி, அரைவாசி மானியம். வந்த பிள்ளை ரப்லட் வைத்திருந்தது, மரியாதையான பிள்ளை. பழைய குவிமாடத்தைச் சுற்றிப் பார்த்து, பெயர்ப்பலகையைப் படமெடுத்து, வாசலில் இருந்து கேள்விகளைத் தொடங்கியது. குடும்ப அங்கத்தவர் எத்தனை, மாடு எத்தனை, நாளுக்கு எத்தனை கிலோ சமையல் கழிவு.

"கழிவா?" என்றாள் மருமகள். "பழஞ்சோறு நாங்க தின்னுறம். தோலு கோழிக்கு. மீன்செதில் பூனைக்கு. மிச்சம் தென்னைக்கு."

"அப்ப பூச்சியம் எண்டு போடவா அக்கா? பூச்சியம் போட்டா விண்ணப்பம் போகாது."

"ரெண்டு கிலோ போடுங்க."

பிள்ளை போட்டது. மாதாந்த கேஸ் செலவு, அடுப்பு எத்தனை, தண்ணீர் வசதி. மருமகள் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். பிறகு அவள் கேட்டாள்:

"ஆரு கரைக்கிற எண்டு ஒரு கேள்வியும் இல்லையே?"

பிள்ளை விரலால் மேலும் கீழும் தள்ளிப் பார்த்தது. கடைசிப் பக்கத்தில் ‘ஏனையவை’ என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் எழுதலாம், ஆனால் ஐம்பது எழுத்துக்குள் முடிக்கவேண்டும் என்றது.